இருள் ஒரு பொருளா?

இருள் என்பது உலகில் உள்ள ஒரு பொருளா, அல்லது ஒளி இல்லாத நிலைக்கு நாம் வழங்கும் பெயர்தானா என்னும் கேள்வி, நம் நாட்டுத் தார்க்கிகர்களும் மீமாம்ஸகர்களும் பல நூற்றாண்டுகளாக விடாமல் வாதித்து வந்த கேள்விகளுள் ஒன்று. தர்க்க ஸங்க்ரஹத்தை அதன் தீபிகை உரையோடு படிக்கத் தொடங்கும் மாணவன், பிருதிவி முதல் மனம் ஈறாக ஒன்பது திரவியங்களை எண்ணி முடித்த மாத்திரத்திலேயே, இருள் என்று பத்தாவது திரவியம் ஒன்று இருக்க அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்ற ஆட்சேபத்தைச் சந்திக்கிறான். வேலையற்றவர்களின் வீண் வாதம் என்று இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் விளக்கு மங்கிய ஒரு சங்கீதக் கூடத்தில், பிளாஷ் போடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, கேமராவும் கையுமாக ஒரு மாலைப்பொழுதைக் கழித்தவர் எவரும் அப்படிச் சிரிக்கமாட்டார் என்பது என் துணிபு. அவர் வீட்டுக்கு எடுத்துவரும் ஒவ்வொரு படத்திலும் வாதியும் பிரதிவாதியும் நேருக்கு நேர் நின்று வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்ட மீமாம்ஸகர் கட்சி எளிதில் தள்ளத்தக்கதன்று. இருள் கருநிறமாய்க் கண்ணுக்குத் தோன்றுகிறது. விளக்கை ஏந்தி நடந்தால் அதுவும் உடன் நகர்கிறது. நிறமும் அசைவும் எதற்கு உண்டோ அது திரவியம். ஆகவே இருளும் திரவியமே என்பது அவர்களுடைய யுக்தி. வைசேஷிகருக்கோ இவ்விஷயத்தில் ஐயமே இல்லை. கணாதர் தம் சூத்திரத்திலேயே இருளை அபாவம் என்று தீர்த்துவிட்டார். நகர்வது விளக்கேயன்றி இருளன்று என்றும், நிறமுள்ள எப்பொருளைக் காண்பதற்கும் கண்ணுக்கு ஒளியின் துணை இன்றியமையாதது, இருளைக் காண்பதற்கோ ஒளி இருக்கவே கூடாது, ஆதலின் அது நிறமுள்ள பொருளாக இருத்தல் இயலாது என்றும் அவர் வழிவந்தோர் விடை கூறினர். பத்தாம் நூற்றாண்டில் நியாயகந்தலி எழுதிய ஸ்ரீதரர், நம்மால் ஏற்றிக் காணப்படும் கருநிறமே இருள் என்று நடுவழி ஒன்று கண்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்மையை அறிவதற்கென்றே அனுபலப்தி என்று தனிப் பிரமாணம் ஒன்றை ஒப்புக்கொண்டவர்கள் பாட்டர்கள்; இன்மைக்கு அத்தனை தாராளமாக இடம் கொடுத்தவர்கள், இருள் என்று வந்தவுடன் மட்டும் அதைப் பொருளாக்கி உட்கார வைத்தார்கள்.

இந்த வழக்கைச் சென்னையில் மார்கழிக் கச்சேரி நடக்கும் ஒரு சபை மேடைக்குக் கொண்டுபோவோம். பாடகர் நடுவில் அமர்ந்திருக்கிறார். ஒரு புறம் வயலின், மறுபுறம் மிருதங்கம், பின்னால் தம்புரா. நம் கண்ணுக்கு மேடை தாராளமான வெளிச்சத்தில் இருப்பதாகவே படுகிறது. ஏனெனில் கண் தான் இருக்கும் இடத்துக்கேற்பத் தன்னை இசைத்துக்கொண்டு, அப்படி இசைத்துக்கொண்ட செய்தியை நமக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கேமராவுக்கு இத்தகைய நாசூக்கு இல்லை. அதன் கணக்கில் சுமாரான மேடை வெளிச்சம் என்பது நண்பகல் வெயிலில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. வெயிலில் எஃப் 8 துவாரமும், விநாடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டரும், ஐ.எஸ்.ஓ. 100-உம் வைத்துச் செவ்வையாக எடுத்த படத்தை, அதே துவாரத்திலும் அதே வேகத்திலும் மேடையில் எடுக்க வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 50,000-ஐத் தாண்டிவிடும். இவ்வளவு வறுமையை ஒருவர் மூன்று வழிகளில்தான் சமாளிக்கலாம்: துவாரத்தை அகலத் திறக்கலாம், ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கலாம், கிடைத்த சிறிதளவு ஒளியைப் பெருக்கிக் காட்டலாம். நான்காவது வழியாகிய பிளாஷ், பாடுகிறவரின் முகத்தில் அறைவது போன்ற அநாகரிகம் என்பதனால் மட்டும் விலக்கப்பட்டதன்று. தூரம் இரட்டித்தால் அதன் வெளிச்சம் நாலில் ஒன்றாகச் சுருங்குமாதலால், பதினைந்தாம் வரிசையிலிருந்து கைப்பேசியில் பிளாஷ் போடும் ரசிகர் முன்வரிசைக்காரர்களின் தலைகளைத்தான் படமெடுத்துக்கொண்டு போகிறார். ஆகவே மேடைப் படக்காரர் தம்மிடமுள்ள ஒளி எதையும் அவ்விடத்துக்குக் கொடுக்க இயலாதவர். வருவதை வாங்கிக்கொள்ள மட்டுமே உரியவர்.

வாங்கிக்கொள்ளும் வாசல் லென்ஸ். எஃப் 2.8 லென்ஸைவிட எஃப் 2 இருமடங்கும், எஃப் 1.4 நான்கு மடங்கும் ஒளியை உள்ளே விடுகின்றன. சபையின் பக்கவாட்டு நடைவழியில் நின்று எடுப்பவர்களில் பெரும்பாலோர் 70 முதல் 200 மி.மீ. வரை நீளும், எங்கும் எஃப் 2.8-இலேயே நிற்கும் ஜூம் லென்ஸை விரும்புகிறார்கள். இருந்த இடத்தை விட்டு எழுந்து நடமாடி ரசிகர்களின் சாபத்தைப் பெறாமல் காரியம் முடியும் என்பதே அதன் பெரிய சௌகரியம். மேடைக்கு அருகில் இடம் கிடைத்தவருக்கு 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற ஒற்றைக் குவிய லென்ஸ் மேலானது. விலையும் எடையும் குறைவு, ஒளியோ அதிகம். ஆனால் அகலத் திறந்த துவாரம் தன் கூலியை வாங்காமல் விடுவதில்லை. 35 மி.மீ. பிலிம் அளவுள்ள சென்சாரில், அந்த லென்ஸை முழுவதும் திறந்து, நான்கு மீட்டர் தூரத்தில் அமர்ந்திருக்கும் பாடகரை நோக்கினால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண். பாடகரின் கண் தெளிந்தால், சற்றுப் பின்தள்ளி அமர்ந்திருக்கும் வயலின்காரர் கரைந்து போவார். பக்கவாத்தியக்காரர்களை இப்படிக் கரைத்து விடுவது சங்கீத நியாயத்துக்கு ஒத்ததா என்பது வேறு விசாரணை. எனக்கு அது ஒவ்வாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஷட்டர் விஷயத்தில் நீண்ட பிரசங்கம் தேவையில்லை. ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தில் நின்று கண்மூடியிருக்கும் பாடகரை 125-இல் ஒரு பங்கு விநாடியில் எடுத்துவிடலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரல்கள் தெரிய வேண்டுமானால் 500-க்குக் குறைந்து பயனில்லை. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் அமைப்பு எடுப்பவர் கையைத்தான் தடுக்கும், வாசிப்பவர் கையைத் தடுக்காது. சப்தமே இல்லாத மின்னணு ஷட்டரைச் சபையில் உபயோகிக்கத் தோன்றுவது இயல்பே; ஆனால் எல்.இ.டி. விளக்குகள் பல, நம் கண் அறியாத வேகத்தில் அணைந்தணைந்து எரிபவை. சென்சாரோ தன் வரிகளை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போகிறது. விளக்கு அணைந்திருந்த நொடிப்பிளவில் படிக்கப்பட்ட வரிகளெல்லாம் படத்தில் கறுப்புப் பட்டைகளாக நிற்கும். இருளுக்கு உருவம் உண்டு என்பவர்கள் இந்தப் பட்டைகளைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கலாம். ஆனால் அப்பட்டைகளின் அகலமும் எல்லையும் விளக்கு எரிந்த காலத்தால் அளக்கப்பட்டவை என்பதை அவர்களே மறுவிசாரணையில் ஒப்புக்கொள்ள நேரும்.

வழக்கின் உயிர்நிலை மூன்றாவது வழியில், அதாவது பெருக்கிக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வில் இருக்கிறது. 6400-இலும் 12,800-இலும் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வித்வானின் வெள்ளை வேஷ்டியிலும் பின்னணித் திரையிலும் மணலை வாரித் தூவினாற்போல் வண்ணப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். படக்காரர்கள் இதை நாய்ஸ் என்கிறார்கள். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தியதனால் இது வந்தது என்பது ஊரார் அபிப்பிராயம். இருட்டில் எடுத்ததனால் இருள் இதைக் கொண்டுவந்து சேர்த்தது என்பது அந்த அபிப்பிராயத்தின் உட்பொருள். ஆராய்ந்து பார்த்தால் இது பாட்டர்களின் கட்சியேயன்றி வேறில்லை. இருளுக்கென்று ஒரு சொத்து உண்டு, அதை அது படத்தில் வைத்துவிட்டுப் போகிறது என்பதுதானே இதன் தாத்பரியம்.

இந்த அபிப்பிராயம் தவறு என்பதை யாரும் வீட்டிலேயே சோதித்து அறியலாம். ஒரே வெளிச்சத்தில், துவாரத்தையும் ஷட்டரையும் மாற்றாமல், ஒரு படத்தை ஐ.எஸ்.ஓ. 6400-இலும் மற்றொன்றை 800-இலும் எடுத்து, இருண்டு கிடக்கும் இரண்டாவதைக் கணினியில் எட்டு மடங்கு உயர்த்திப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு புள்ளிகள் இருக்கும். சில கேமராக்களில் 800-இல் எடுத்தது சற்று மோசமாகவே இருக்கும். எண்ணை உயர்த்தியது குற்றமாக இருந்தால் இது நிகழலாகாது. உண்மையான காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒளி இடையறாத தாரையாக வருவதன்று. போட்டான் எனப்படும் தனித்தனித் துகள்களாக, ஒழுங்கான இடைவெளியின்றி, தற்செயலாக வருவது. இவ்விதம் தற்செயலாக வருபவற்றின் எண்ணிக்கைக்குரிய விதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாஸோன் 1837-இல் வெளியிட்ட தம் நூலில் வகுத்தளித்தார். அதன்படி, சென்சாரின் ஒரு கட்டத்தில் சராசரியாக 10,000 போட்டான் விழுமானால் ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 100. அது நூற்றில் ஒரு பங்கே ஆதலால் கண்ணுக்குப் படாது. நூறே விழுமானால் ஏற்றத்தாழ்வு 10. அது பத்தில் ஒரு பங்கு ஆதலால், ஒரே வெண்மையுள்ள வேஷ்டியின் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் இரண்டு விதமாக நிற்கும்.

இந்தக் கணக்கைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். நிறைந்த ஒளியில் ஏற்றத்தாழ்வு 100. குறைந்த ஒளியில் 10. தனியே எடுத்து எண்ணினால் சஞ்சலம் வெளிச்சத்தில்தான் அதிகம், இருட்டில் குறைவு. அப்படியானால் அந்தப் புள்ளிகள் இருளின் சொத்தல்ல. ஒளியோடு கூடப் பிறந்தவை. நண்பகலிலும் அவை இருந்தன. ஒளியின் மிகுதி அவற்றை மூடியிருந்தது. சபைக்குள் வந்தபோது மிகுதி போயிற்று, அவை வெளிப்பட்டன. இருள் எதையும் கொண்டுவரவுமில்லை, இட்டுவிட்டுப் போகவுமில்லை. சென்சாரின் மின்சுற்றும் அதன் சூடும் தம் பங்குக்குச் சிறிது சேர்ப்பது மெய்தான். ஆனால் அதுவும் கருவியின் குறையேயன்றி இருளின் கொடையன்று.

பிலிம் காலத்தவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். கோடக் கம்பெனி 1954-இல் 35 மி.மீ. அளவில் வெளியிட்ட டிரை-எக்ஸ் பிலிமை, கழுவும் நேரத்தை நீட்டி, ஐ.எஸ்.ஓ. 1600 வரை இழுத்துக் கச்சேரிகளை எடுத்தவர்கள் அவர்கள். அந்தப் படங்களில் தெரியும் கிரெய்ன் வெறும் எண்ணிக்கை ஏற்றத்தாழ்வன்று, கையால் தொடத்தக்க வெள்ளித் துகள். ஒப்புக்கொள்கிறேன், அது திரவியந்தான். ஆனால் அந்த வெள்ளி நெகட்டிவில் எங்கே படிகிறது என்று பார்க்க வேண்டும். ஒளி விழுந்த இடத்தில் வெள்ளி தங்கிக் கறுக்கிறது. இருள் இருந்த இடத்திலோ வெள்ளியெல்லாம் கழுவுநீரோடு போய், பிலிம் கண்ணாடியாக நிற்கிறது. இருளின் கையெழுத்தைத் தேடி நெகட்டிவைத் தூக்கிப் பிடிப்பவருக்கு அங்கே மறுபுறத்துச் சுவர்தான் தெரியும். கணாதருக்கு இதைவிட நல்ல சாட்சியை நான் அறியேன்.

இனி, இன்மை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதாது, எதனுடைய இன்மை என்று சொல்ல வேண்டும் என்பது நியாய சாஸ்திரத்தின் நிபந்தனை. குடத்தின் இன்மை, துணியின் இன்மை என்று அதற்கொரு பிரதியோகி இருந்தே தீர வேண்டும். மொட்டை இன்மை என்று ஒன்றில்லை. சூக்ஷ்மமான இந்த நிபந்தனையின் மதிப்பை, மெல்லிசைக் கச்சேரிகளிலும் ராக் மேடைகளிலும் பாடகரின் மேல் சிவப்பு எல்.இ.டி. விளக்கை மட்டும் பாய்ச்சும்போது படக்காரர் உணர்கிறார். பிரைஸ் பேயர் என்பவர் கோடக் கம்பெனியில் இருந்தபோது வகுத்து 1976-இல் உரிமை பெற்ற அமைப்பின்படி, சென்சாரின் நான்கு கட்டங்களில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டும் ஏற்பவை. மேடை முழுவதும் செந்தீயாய் ஜொலிக்கும்போது, நான்கில் ஒரு கட்டம் நிரம்பி வழிய, மூன்று கட்டங்கள் ஏறக்குறைய இருட்டில் கிடக்கின்றன. முகம் செம்மண் பூசியது போல் தட்டையாகிவிடுவது இதனால்தான். அந்தப் பச்சைக் கட்டத்தைக் கேட்டால் கூடம் இருட்டு என்று சொல்லும். சிவப்புக் கட்டத்தைக் கேட்டால் வெயில் என்று சொல்லும். இரண்டு சாட்சியும் பொய்யல்ல. அனுபவஸ்தர் ஷட்டரைச் சற்றே விரைவாக்கிச் சிவப்பு வழியாமல் காத்து, ரா கோப்பாகப் பதிந்து, விளக்கு வெள்ளையாக மாறும் தருணத்துக்குக் காத்திருப்பார்.

இன்மையைப் பற்றிய அறிவும் அறிவே என்பதை மனிதர் ஒப்புக்கொண்டாலும், கேமராவுக்குள் உள்ள ஒளிமானி ஒப்புக்கொள்வதில்லை. உலகத்துக் காட்சிகளெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற ஒரே சித்தாந்தத்தை வைத்துக்கொண்டு அது இயங்குகிறது. பின்னால் கறுப்புத் திரையும் நடுவில் ஒரு முகமும் உள்ள மேடையை அதற்குக் காட்டினால், அத்தனை கறுப்பும் ஏதோ குறைபாடு என்று முடிவு செய்து, திரையைச் சாம்பலாக்கும் வரை ஒளியைக் கூட்டி, முகத்தை வெளிறச் செய்துவிடும். முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவையோ, முழுவதும் கையால் வைக்கும் மானுவல் முறையோதான் இதற்குப் பரிகாரம். நம் சபைகளில் இதற்கு நேர்மாறான உபத்திரவமும் உண்டு: வித்வானைவிடப் பிரகாசமாக விளக்கிடப்பட்ட விளம்பரத் திரை ஒன்று அவர் தலைக்குப் பின்னால் தொங்கும், ஒளிமானி அதைக் கண்டு மயங்கி வித்வானைக் கரியாக்கும். தர்மம் செய்தவர் பெயர் தெரியத்தான் வேண்டும். வித்வானின் முகமும் தெரிந்தால் நல்லது.

கறுப்பைக் கறுப்பாகவே வைக்கத் தெரிந்த படக்காரர்களில் ஹெர்மன் லெனார்டை முதல் வரிசையில் வைப்பேன். 1948-இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் என்ற ஜாஸ் கூடத்தில், சாக்ஸபோனை மடியில் கிடத்தி, சிகரெட் புகையை ஊதிக்கொண்டு அமர்ந்திருக்கும் டெக்ஸ்டர் கார்டனை அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தம். அங்கே அவர் தம் சொந்த விளக்குகளைக் கூடத்து விளக்குகளை ஒட்டி வைத்து எடுத்தார்; ஆனாலும் பின்னணியில் உள்ள கறுப்பைத் தொடவில்லை. ஒளி தானே கண்ணுக்குத் தெரிவதில்லை. எதன்மேலேனும் விழுந்தால்தான் தெரியும். அந்தப் படத்தில் அது புகையின்மேல் விழுந்து தெரிகிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் நம் நையாயிகர், இந்தப் புகையைக் கண்டு விளக்கை அனுமானித்திருப்பார்.

இவ்வளவு தூரம் இருளை இன்மை என்று ஸ்தாபித்துக்கொண்டு வந்ததில், சைவ சித்தாந்தம் பயின்ற வாசகர் ஒருவர் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆணவ மலத்தை இருளுக்கு ஒப்பிடுவது நம் சாஸ்திர வழக்கு. அந்த மலமோ வெறும் அறிவின்மையன்று, உள்பொருள் என்பது சித்தாந்தத்தின் உறுதியான கொள்கை. அத்வைதிகளும் அவித்தையைப் பாவரூபம் என்று நாட்ட வந்தபோது, விவரண ஆசிரியர் இருளையே உதாரணமாக நாடினார். இருள் இன்மையென்றால் மலமும் அவித்தையும் இன்மையாகிவிடாவோ? அத்வைதிகள் தங்கள் வழக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். சித்தாந்தத்துக்கு இதனால் யாதொரு குறைவுமில்லை என்பது என் எண்ணம். பதினான்காம் நூற்றாண்டில் திருவருட்பயன் அருளிய உமாபதி சிவாசாரியர், இருளையும் மலத்தையும் ஒன்றாக வைக்காமல், இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் காட்டும், மலமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று வேறுபடுத்தியே பேசினார். உவமை ஒரு புடை ஒப்புமை. அதன் இயல்பனைத்தும் பொருளின்மேல் ஏற வேண்டுவதில்லை. மேலும், தன்னை மறைத்துக்கொண்டு பிறவற்றையும் மறைக்கும் அந்தப் பொல்லாத குணத்துக்கு இருளைவிடப் பொருத்தமான நிகழ்கால உவமை ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது.

படத்திலுள்ள புள்ளிகளைத் துடைத்தெடுக்கும் கணினி நிரல்களைச் சொல்கிறேன். பழைய நிரல்கள் அண்டைப் புள்ளிகளைச் சராசரி செய்து மழுப்பிவிடும்; மழுப்பியது தெரியும். புதிதாய் வந்தவை அப்படியல்ல. ஆயிரமாயிரம் வேறு படங்களைப் பயின்ற பழக்கத்தால், வித்வானின் கன்னத்தில் இருந்திருக்கக்கூடிய தோலையும், அங்கவஸ்திரத்தில் இருந்திருக்கக்கூடிய இழைகளையும் தாமாகவே வரைந்து நிரப்புகின்றன. போட்டான் ஒன்றுகூட வராத இடத்தில் ஒரு மயிர்க்கால் முளைக்கிறது. அளவாக உபயோகித்தால் உதவியாயிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. பத்திரிகைக்கு அவசரமாகப் படம் அனுப்புகிறவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் இல்லாததை உள்ளதாகக் காட்டி, காட்டியதும் தெரியாமல் மறைத்துக்கொள்ளும் இந்த வித்தை, இருள் ஒருபோதும் செய்யாத காரியம். புள்ளிகளோடு கூடிய படம் இங்கே ஒளி இவ்வளவுதான் வந்தது என்று உள்ளபடி சொல்கிறது; வழவழப்பான படம் அந்தச் செய்தியை விழுங்கிவிடுகிறது.

ஆகவே இந்தப் பழைய வழக்கில் என் வாக்கு கணாதருக்கே. இவ்வருஷம் மார்கழியில் கேமராவோடு சபைக்குப் போகிற அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. முன்கூட்டி அனுமதி பெறுங்கள், பிளாஷை அணைத்துவிடுங்கள், எஃப் 2.8, 250-இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 3200 என்று கையால் வைத்துத் தொடங்கி, வித்வானின் நெற்றி வெளிறாதபடி திருத்திக்கொள்ளுங்கள். 6400-க்கு ஏற நேர்ந்தால் அஞ்சாதீர்கள். திரை கறுப்பாக இருந்தால் படத்திலும் அது கறுப்பாகவே இருக்கட்டும்.